ரிப்ளை 1988: கதையே நகராத தொடருக்கு ஏன் இத்தனை ரசிகர்கள்?

நீங்கள் கேட்டது இதுதான்: ‘ரிப்ளை 1988’ என்ற தென்கொரியத் தொடரை ஆளாளுக்குத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறார்கள், நான்கு எபிசோடு பார்த்தும் கதை நகரவில்லை, சாப்பிடுகிறார்கள், சண்டை போடுகிறார்கள், திரும்பவும் சாப்பிடுகிறார்கள், இதில் அழுவதற்கு என்ன இருக்கிறது?

கதை நகரவில்லை என்ற உங்கள் குறை சரியானதே. இருபது எபிசோடும் பார்த்து முடித்தாலும் பெரிதாக நகர்ந்திருக்காது. கொலை கிடையாது. கோமா கிடையாது. ஆஸ்பத்திரியில் குழந்தை மாறிப்போகாது. பழிவாங்கப் பணக்காரனாகத் திரும்பி வருபவர் யாரும் இல்லை. அப்படியிருந்தும் 2016 ஜனவரி 16 அன்று ஒளிபரப்பான கடைசி எபிசோடு 18.8 சதவீத ரேட்டிங்கைத் தொட்டது. தொடரை ஒளிபரப்பிய டிவிஎன் ஒரு கேபிள் சேனல். அங்கே கேபிள் தொடர் எதுவும் அதுவரை அந்த எண்ணிக்கைப் பக்கம் போனதில்லை. எனவே ஏதோ ஒன்று நகர்ந்திருக்கிறது. அது எது என்பதைத்தான் சொல்லப் பார்க்கிறேன். சொல்வதற்குள் சில காட்சிகளைப் போட்டு உடைக்க வேண்டியிருக்கும். தொடரை முடித்துவிட்டு வந்து படிக்கலாம் என்று தோன்றினால் இங்கேயே நிறுத்திவிடுங்கள்.

பார்க்காமல் இதைப் படிக்க வந்தவர்களுக்காகச் சுருக்கமாக. சியோல் நகரின் வடக்கே தோபோங் வட்டாரத்தில் சாங்முன்-தோங் என்ற பகுதி. அங்கே ஒரு சந்து, ஐந்து குடும்பங்கள். பள்ளி இறுதி வயதை நெருங்கும் ஐந்து பிள்ளைகள், அவர்களைப் பெற்றவர்கள். தொக்சன் என்ற பெண்ணின் அப்பா வங்கி ஊழியர். நண்பருடைய கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டு மாட்டிக்கொண்டவர். சம்பளத்தில் பெரும்பகுதி அந்தக் கடனுக்கே போகிறது. குடும்பமே பாதி தரைக்குக் கீழே இருக்கும் வாடகைப் பகுதியில் குடியிருக்கிறது. அதே கட்டடத்தின் மேலே வீட்டுக்காரர் குடும்பம். அவர்களும் ஒரு காலத்தில் ஒன்றுமில்லாதவர்கள்தான், மூத்த மகனுக்கு லாட்டரி விழுந்து நிமிர்ந்தவர்கள். எதிரும் புதிருமாக, கணவனை இழந்த ஒரு தாய், மனைவியை இழந்த ஒரு தந்தை. ஐந்தாவது வீடு பள்ளிக்கூடத்தில் மாணவர் ஒழுங்கைக் கண்காணிக்கும் ஆசிரியருடையது. அவருடைய மகன்தான் கூட்டத்துக்கு விதூஷகன். பெரியவர்கள் பலருக்கு நடிகர்களின் சொந்தப் பெயரையே பாத்திரப் பெயராக வைத்துவிட்டார்கள்: அப்பா சுங் தோங்-இல், அம்மா லீ இல்-ஹ்வா, மேல்வீட்டு அம்மா ரா மி-ரான். ஷின் வோன்-ஹோ இயக்கம், லீ வூ-ஜங் எழுத்து. 2012இல் 1997ஆம் ஆண்டையும், 2013இல் 1994ஆம் ஆண்டையும் வைத்து இரண்டு தொடர்கள் எடுத்துவிட்டு, மூன்றாவதாக இதை எடுத்தார்கள்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். குடும்பத் தொடர் எந்த நாட்டில் எடுக்கப்பட்டாலும் அதை ஓட்டுவது ரகசியம். பார்ப்பவருக்குத் தெரியும், பாத்திரத்துக்குத் தெரியாது. மாமியார் பாலில் எதையோ கலந்ததை நாம் பார்த்துவிட்டோம், மருமகள் டம்ளரை வாய்க்குக் கொண்டுபோகிறாள், ‘தொடரும்’. கதவுக்குப் பின்னால் நின்று ஒட்டுக் கேட்கும் ஒருவர் இல்லாமல் நம்மூரில் ஒரு வாரம் கதை ஓடாது. கொரியாவிலும் இந்த வகைத் தொடர்களுக்குப் பஞ்சமில்லை. நம்மூர் மாமியார்களைத் தூக்கிச் சாப்பிடும் மாமியார்கள் அங்கே உண்டு.

ரிப்ளை 1988 அதே இயந்திரத்தைத்தான் ஓட்டுகிறது. ஒவ்வொரு எபிசோடிலும் யாரோ யாரிடமிருந்தோ எதையோ மறைக்கிறார்கள். ஆனால் மறைப்பதற்குக் காரணம் சதி கிடையாது, பாசம். ஒருவர் மனம் நோகக் கூடாது என்று இன்னொருவர் மூடி வைத்ததை நமக்கு மட்டும் காட்டிவிடுகிறார்கள். நாமும் அந்தக் குடும்பத்தில் ஒருவராக, தெரிந்தும் தெரியாததுபோல உட்கார்ந்திருக்கிறோம். மேலோட்டமாகப் பார்த்தால் சாப்பாட்டு மேசை. அடியில் என்ன ஓடுகிறது என்பது நமக்குத் தெரியும். நீங்கள் பார்த்த நான்கு எபிசோடிலும் கதை அடியில்தான் நகர்ந்துகொண்டிருந்தது.

எனக்கு மிகப் பிடித்த எடுத்துக்காட்டு மேல்வீட்டில் நடக்கிறது. ரா மி-ரான் சில நாள் வெளியூர் போகிறார். வீட்டில் கணவரும் இரண்டு மகன்களும். அம்மா வாசல் தாண்டியதும் மூன்று பேருக்கும் கொண்டாட்டம்; எடுத்தது எடுத்த இடத்தில் இல்லை, கழுவாத பாத்திரம் மலைபோல் குவிகிறது. அவர் திரும்பி வரப்போகிறார் என்ற செய்தி வந்ததும் பாய்ந்து பாய்ந்து துடைத்து, மடித்து, கழுவி, எதுவுமே நடக்காத மாதிரி வீட்டை வைத்துவிடுகிறார்கள். அவர் வந்து பார்க்கிறார். எல்லாம் பளபளவென்று இருக்கிறது. வேளாவேளைக்குச் சாப்பிட்டிருக்கிறார்கள், ஒரு குறையும் இல்லை. மி-ரானின் முகம் விழுந்துவிடுகிறது. மூன்று ஆண்களுக்கும் ஒன்றும் புரியவில்லை. திட்டு விழும் என்று பயந்துதானே இவ்வளவு வேலை பார்த்தோம், திட்டும் இல்லை, சிரிப்பும் இல்லை, என்ன ஆயிற்று?

இளைய மகன் ஜங்-ஹ்வானுக்குத்தான் முதலில் உறைக்கிறது. அதிகம் பேசாத பையன் அவன். தான் இல்லாமலேயே வீடு நன்றாக நடந்துவிட்டதே என்பதுதான் அம்மாவின் துக்கம். அடுத்த காட்சியில் அப்பா கரி அடுப்பில் கோட்டைவிடுகிறார். அண்ணன் ராம்யன் என்ற நூடுல்ஸ் வெந்த சட்டியைத் தொட்டுக் கையைச் சுட்டுக்கொள்கிறான். இவன் அலமாரியைக் கலைத்துப் போட்டு, என் துணி எங்கே என்று கத்துகிறான். ‘நான் ஒருத்தி இல்லையென்றால் உங்களுக்கு ஒரு வேலையும் ஓடாது’ என்ற தோரணையில் மி-ரான் அங்கும் இங்கும் ஓடி, வாய் ஓயாமல் திட்டுகிறார். முகத்தில் பழைய வெளிச்சம் வந்துவிடுகிறது. காட்சி முழுக்க நகைச்சுவை. ஆனால் எத்தனை வீட்டில் எத்தனை பேர் அன்றிரவு அம்மாவுக்கு போன் செய்து, சாம்பாருக்குப் புளி எவ்வளவு என்று தெரிந்ததையே கேட்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

இதை எழுதியவர்களின் பின்னணியையும் இங்கே சொல்ல வேண்டும். ஷின் வோன்-ஹோவும் லீ வூ-ஜங்கும் நாடகத்திலிருந்து வந்தவர்கள் இல்லை; ரியாலிட்டி, பல்சுவை நிகழ்ச்சிகளிலிருந்து வந்தவர்கள். பிரபலங்களை ஓர் இடத்தில் விட்டுவிட்டு, அவர்கள் சாப்பாட்டுக்கு அடித்துக்கொள்வதை மணிக்கணக்காகப் படம் பிடித்து, அதில் ஒரு நொடி முகம் மாறுவதைப் பொறுக்கி எடுக்கும் தொழில் அது. இந்தத் தொடரில் யாராவது அசடு வழிந்தால் பின்னணியில் ஆடு கத்தும் ஓசை வருகிறதே, அது அந்தப் பழக்கத்தின் மிச்சம். அதைவிட முக்கியமான மிச்சம், நடந்து முடிந்த ஒரு நிகழ்ச்சியை இன்னொருவர் பக்கம் நின்று திரும்பக் காட்டுவது. முதல் முறை பார்க்கையில் நெரிசலான பஸ்ஸில் தொக்சன் நிம்மதியாக நிற்கிறாள். அவள் பின்னால் ஜங்-ஹ்வான் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக் கூட்டத்தைத் தாங்கி நிற்பது அடுத்து வருகிறது. கையில் நரம்பு புடைத்திருக்கிறது. அவள் திரும்பிப் பார்க்கவே இல்லை.

நீங்கள் முதல் எபிசோடு பார்த்திருக்கிறீர்கள். ஆகவே பிறந்தநாள் சண்டை நினைவிருக்கும். தொக்சன் நடுப்பிள்ளை. அக்கா போராவின் பிறந்தநாளுக்கும் இவளுடையதற்கும் சில நாள்தான் இடைவெளி. அதனால் ஆண்டுதோறும் ஒரே கேக். அக்காவுக்குப் பாடி முடித்ததும் மெழுகுவத்தியைக் குறைத்து மறுபடி கொளுத்தி இவளுக்கும் பாடிவிடுவார்கள். இந்த ஆண்டு வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லியும் அதேதான் நடக்கிறது. அவள் வெடித்துவிடுகிறாள். முட்டை இரண்டுதான் இருந்தால் அக்காவுக்கும் தம்பிக்கும், எனக்கு மட்டும் அவரைக்கொட்டையா. கோழிக் கால் அவர்களுக்கு, எனக்கு மட்டும் இறக்கையா. எனக்கும் முட்டை பிடிக்கும், எனக்கும் கால் பிடிக்கும். இதைக் கேட்ட பிறகு முட்டை என்பது முட்டையாக இருக்க முடியாது. நடுப்பிள்ளையாகப் பிறந்த எவரும் இந்தத் தொடரை விட்டுப் போகாததற்கு இந்த இரண்டு நிமிடம் போதும்.

பிறகு சந்து முனையில் அப்பா ஒரு கேக்கோடு காத்திருக்கிறார். தானும் பிறக்கும்போதே அப்பாவாகப் பிறக்கவில்லை, அப்பாவாக இருப்பது இதுதான் முதல் முறை, கொஞ்சம் பொறுத்துக்கொள் என்ற பொருளில் ஏதோ சொல்கிறார். அந்த வசனம் ஏகப்பட்ட இடத்தில் படமாகவும் வாசகமாகவும் சுற்றிக்கொண்டிருக்கிறது. தனியாகப் படித்தால் காலண்டர் வாசகம்போலத்தான் இருக்கும். சுங் தோங்-இல் சொல்லும்போது அப்படி இல்லை. காரணம், அந்த மனிதர் அதுவரை கத்துபவர், குடித்துவிட்டு வருபவர், கடன்பட்டிருந்தும் வழியில் விற்கும் கிழவியிடம் வேண்டாத சாமானை வாங்கி வந்து மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொள்பவர். மன்னிப்புக் கேட்கத் தெரியாத ஆள் கேட்கும் மன்னிப்பு அது. கண்ணைப் பார்த்துப் பேசவும் வரவில்லை.

இரண்டாம் எபிசோடின் துக்க வீட்டையும் கவனித்திருப்பீர்கள். பாட்டி இறந்துபோகிறார். பிள்ளைகள் அழுதுகொண்டே ஊருக்குப் போனால், அப்பாவும் அத்தைகளும் வந்தவர்களோடு சிரித்துப் பேசி, குடித்து, சீட்டாடிக்கொண்டிருக்கிறார்கள். தொக்சனுக்குக் கோபம். பெற்ற தாய் இறந்திருக்கிறாள், இவர்களுக்கு விருந்தா? இரவு நெடுநேரம் கழித்து அமெரிக்காவிலிருந்து பெரியப்பா வந்து சேர்கிறார். வாசலில் அண்ணனைப் பார்த்த அந்த நிமிடம் தோங்-இல் உடைந்துபோகிறார். சிரித்துக்கொண்டிருந்த அத்தைகளும் சேர்ந்து ஓலமிடுகிறார்கள். துக்கத்தை நாள் முழுக்க மறைத்து வைத்திருந்தது பிள்ளைகளுக்கு அப்போதுதான் தெரிகிறது. அழுகையை முதலிலேயே காட்டியிருந்தால் நாம் சாவு வீட்டுக்கு வந்த விருந்தாளிகளாக உட்கார்ந்திருப்போம். நாள் முழுக்க நம்மையும் தவறாக நினைக்க வைத்துவிட்டுக் காட்டியதில்தான் விஷயம் இருக்கிறது.

‘மறைப்பு’ என்று நான் சொல்வது இப்படி எல்லா இடத்திலும் வரும். மி-ரான் பாஸ்போர்ட் எடுக்கும் நேரத்தில், தனக்கு ஆங்கில எழுத்து படிக்கத் தெரியாது என்று மகனிடம் ஒப்புக்கொள்ள நேர்கிறது. அவன் அன்றுவரை அதைக் கவனித்ததே இல்லை. சந்தில் பிள்ளைகள் கையில் கிண்ணத்தோடு வீடு வீடாக ஓடும் காட்சி முதல் எபிசோடிலேயே உண்டு. ஒரு வீட்டுக் குழம்பு போன இடத்திலிருந்து இன்னொரு வீட்டுக் காய் வருகிறது, கடைசியில் எல்லார் மேசையும் நிறைந்துவிடுகிறது. வாங்கிய பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கக் கூடாது என்று வளர்ந்த நமக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை. அங்கேயும் நுட்பம் ஒன்று இருக்கிறது: யாருக்கு இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும், யாரும் வாயைத் திறந்து சொல்வதில்லை, கிண்ணம் மட்டும் போய்க்கொண்டே இருக்கிறது.

வில்லன் இல்லை என்பதால் துன்பமே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. வில்லன் வேலையைப் பணம் பார்க்கிறது, காலம் பார்க்கிறது. கரி உருளை எரித்துத் தரையைச் சூடாக்கும் வீடுகள் அவை. புகை கசிந்தால் தூக்கத்திலேயே உயிர் போகும். அப்படி ஒரு இரவில் பெற்றோர் மற்ற இரண்டு பிள்ளைகளை இழுத்து வெளியே போட்டுவிட்டு, நடுப்பிள்ளையை மறந்துவிடுகிறார்கள். அவள் தானே தவழ்ந்து வெளியே வருகிறாள். சிரிக்க வைப்பதற்காகத்தான் அதை எடுத்திருக்கிறார்கள், நாமும் சிரிக்கிறோம். போரா சியோல் தேசியப் பல்கலைக்கழக மாணவி, போராட்டத்தில் இருப்பவள். மக்களாட்சி கேட்டு 1987இல் நாடே வீதிக்கு வந்து ஓராண்டுதான் ஆகியிருக்கிறது. அந்தப் பின்னணி இல்லாவிட்டால் இது வெறும் பழைய பாட்டு, பழைய சட்டை என்று முடிந்திருக்கும்.

எனக்குக் குறைகளும் உண்டு. தொக்சனின் கணவன் யார் என்ற புதிரை இருபது எபிசோடுக்கு இழுத்தது எனக்குப் பிடிக்கவில்லை. கொரியாவில் ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போட்டார்கள், ரேட்டிங் ஏறியது, வியாபாரம் நடந்தது. ஆனால் அந்த விளையாட்டுக்காகக் கடைசிப் பகுதியில் ஜங்-ஹ்வானை ஓரமாக ஒதுக்கிவிட்டார்கள். அதில்கூட ஒரு நல்ல இடம் வாய்த்தது. சிவப்பு விளக்குகளில் நின்று நின்று அவன் தாமதமாக வந்து சேர்கிறான். விதி என்று பழி போடாமல், தடுத்தது விளக்கல்ல, தன் தயக்கம்தான் என்று ஒப்புக்கொள்கிறான். பாசத்தால் மறைத்து வைப்பது எப்போதும் நல்லதில் முடியாது என்று தொடரே தன்னை எதிர்த்துச் சொல்லிக்கொண்ட இடம் அது.

இன்னொரு குறை பெரியது. 1988ஐ இந்தத் தொடர் தேன் தடவிக் காட்டுகிறது. சாங்முன்-தோங்கிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி சாங்கே-தோங் இருக்கிறது. 1988 சியோல் ஒலிம்பிக்கை ஒட்டிய ஆண்டுகளில் அங்கே இருந்த ஏழைகளின் வீடுகளை இடித்துத் தள்ளி, குடும்பங்களை விரட்டினார்கள். தொக்சன் ஒலிம்பிக் தொடக்க விழாவில் மடகாஸ்கர் பலகையை ஏந்தப் பயிற்சி எடுப்பதும், அந்த நாடு போட்டியைப் புறக்கணித்ததால் அவள் கலங்கிப்போவதும் விரிவாக வருகின்றன. மடகாஸ்கர் வராதது உண்மைதான். அந்தப் பக்கம் இடிந்து கிடந்த வீடுகளும் உண்மைதான், அவற்றின் மேல் கேமரா திரும்பவில்லை. பழைய நாளை நினைத்து ஏங்கும் எந்தக் கதையிலும் இந்த மோசடி கொஞ்சம் இருக்கும் என்று தெரிந்துகொண்டேதான் நான் அழுதேன்.

போராவின் திருமணம் வருகிறபோது இவ்வளவு சொல்லிக்கொண்டிருந்தவனுக்கும் வாயடைத்துவிட்டது. அப்பாவும் போராவும் ஒருவருக்கொருவர் முகம் கொடுத்துப் பேசாத ரகம். இரண்டு பேருக்கும் ஒரே பிடிவாதம். மகள் அப்பாவுக்குப் புது ஷூ வாங்கித் தந்திருக்கிறாள். அளவு பெரிது. தோங்-இல் அதை யாரிடமும் சொல்லவில்லை. உள்ளே காகிதத்தைத் திணித்துப் போட்டுக்கொண்டு கல்யாணத்துக்கு வந்துவிடுகிறார். நடக்கையில் குதிகால் கழன்று கழன்று வருகிறது. மணமகள் உடையில் போரா அதைப் பார்த்துவிடுகிறாள். அப்பாவின் கால் அளவு தனக்குத் தெரியாது என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிகிறது, மாற்றித் தரச் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை என்பதும்கூட. இருவரும் அதைப் பற்றி ஒரு சொல் பேசிக்கொள்வதில்லை. வேறு தொடராக இருந்திருந்தால் அந்த ஷூவை நாலு கோணத்தில் காட்டி, இடி முழக்கத்தோடு இசை போட்டு, அவளை ஓடிவந்து காலில் விழ வைத்திருப்பார்கள்.

அதனால் உங்களுக்கு நான் சொல்வது: ஐந்தாவது எபிசோடையும் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். கணவனை இழந்த சன்-யங்கைப் பார்க்க ஊரிலிருந்து அவள் அம்மா வருகிறார். மகள் கஷ்டப்படுவது தெரியக் கூடாதென்று அவள் அக்கம்பக்கத்தில் கரியும் சாமானும் கடன் வாங்கி வீட்டை நிறைத்து வைக்கிறாள். அம்மாவின் கண் எல்லாவற்றையும் பார்த்துவிடுகிறது; எதையும் கேட்காமல் கிளம்பிப் போகிறார். போன பிறகு அவர் விட்டுச் சென்ற பணக் கவர் இவள் கையில் சிக்குகிறது. போன் போடுகிறாள், பேச்சு வரவில்லை. அதைப் பார்த்தும் ஒன்றும் தோன்றவில்லை என்றால் தாராளமாக விட்டுவிடுங்கள், உங்களிடம் குறையில்லை, உங்களுக்கான தொடர் வேறு. பார்ப்பதாக இருந்தால் ஒரு வேண்டுகோள்: ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டாதீர்கள். எபிசோடு ஒவ்வொன்றும் நீளம்தான், ஒன்றரை மணி நேரத்தைத் தொடும். ஆனால் வசனம் முடிந்து, அடுத்தது தொடங்குமுன் ஒரு முகம் மாறும். வேகத்தைக் கூட்டினால் முதலில் காணாமல் போவது அதுதான்.